அன்பு வாரத்துச் சீட்டு

சான் எலிசியோ ஊருக்கு அன்பு என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தவன் நான்தான், ஆய்வாளர் அம்மா. கற்றுக்கொடுத்த இடம் பள்ளிக்குப் பின்னாலிருந்த காப்பி மூட்டைக் கிடங்கு. வெள்ளையடித்து ‘ஆலோசனை அறை’ என்று பலகை மாட்டினோம். திறந்துவைக்க வந்த மேயர் வெயில் தாங்காமல் பாதியில் போய்விட்டார்.

‘காதலில் வன்முறை வேண்டாம்’ கையேடும் நான் எழுதியதே. அட்டைப்படத்தில் கைகோத்து நிற்பவர்கள் என் மாணவர்கள் யுரானியும் துவானும். ஆகஸ்டில் யுரானி அவனை விட்டு விலகினாள். என்னிடம் வந்து சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.

“கையேட்டுல பத்து அறிகுறி போட்டிருக்கீங்கல்ல சார்? எட்டு அவன்கிட்ட இருக்கு. மிச்சம் ரெண்டும் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?”

கெட்டிக்காரப் பெண்.

“அன்பு வாரம் முடியட்டும்மா, பேசலாம்,” என்றேன். கையேட்டுக்குப் பரிசு கொடுக்க மாகாணத் தலைநகர் நெய்வாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அட்டைப்பட ஜோடி பிரிந்து நின்றால் நன்றாகவா இருக்கும்?

செப்டம்பரில் அன்பு வாரத்து வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். சீட்டில் யார் பெயர் வருகிறதோ, அவருக்கு வாரம் முழுக்க ஒளிந்திருந்து மிட்டாய் வைக்கவேண்டும். கடைசி நாளில் முகம் காட்டிப் பரிசு தரவேண்டும். துவான் கைக்கு யுரானி பெயர் போகும்படி சீட்டை மடித்தது நான். பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பதில் என்ன தப்பு?

புதன்கிழமை அவள் கொய்யா மிட்டாய்களை என் மேசையில் கொட்டினாள். “யாரு சார் இது? நான் எங்க உக்காருவேன், எந்த பஸ்ல போவேன், எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான்.”

“அதுதாம்மா விளையாட்டு,” என்றேன்.

கடைசி நாள் துவான் பரிசோடு முன்னால் வந்ததும் அவள் பின்வாங்கினாள். விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வெக்கப்படுறா,” என்று சிரித்துச் சமாளித்தேன். தனியாகப் பேசட்டுமென்று ஆலோசனை அறைச் சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

“சார், நீங்களும் வாங்க சார்,” என்றாள்.

மனம்விட்டுப் பேசுங்கள் என்றுதான் கையேட்டிலும் எழுதியிருக்கிறேன்.

கதவை உடைத்தபோது அவளுக்கு மூச்சில்லை. குத்தியவன் துவான், நான் அவளைத் தொட்டதுகூட இல்லை. அவள் கத்தியது எனக்குக் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. என்னைத்தான் கூப்பிட்டாள். அப்போது மேடையில் நான் பாடிக்கொண்டிருந்தேன். விருந்தினர் முன்னால் பாட்டைப் பாதியில் நிறுத்துவது மரியாதையில்லை என்று இரண்டாம் சரணத்தையும் பாடி முடித்தேன்.

கைதட்டல் அதிகமில்லை.