படிக்கட்டிலிருந்து வந்த அழைப்பு

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் அவசர அழைப்பு மையத்தின் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் தனியே அமர்ந்திருக்கும், அக்காவின் கணவரான மாமா அவர்களே, வேலை நேரம் மாற்றிக்கொண்டு இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தோழர்களே!

எங்கள் தலைமைப் பணியாளரை ‘எங்கேக்கா’ என்றுதான் கூப்பிட்டோம். ஏன்? ஆம்புலன்ஸ் கேட்பவர் பதற்றத்தில் என்ன சொல்வார்? “அவரு விழுந்துட்டாரு, சீக்கிரம் இங்க வாங்க!” எவர்? எந்த இங்கே? அவர் கண்ணெதிரே எல்லாம் இருக்கிறது. நமக்கோ குரல் மட்டும்தானே! அக்கா பதறமாட்டார். “அண்ணே, நீங்க நிக்கிற இடத்துலேர்ந்து என்ன தெரியுது?” “சைக்கிள் கடை.” “அதுக்கு எதிர்ல?” அப்படிக் கேட்டுக் கேட்டே எத்தனை உயிர்களை மீட்டார்! மாமாகூட அலுத்துக்கொள்வார்: “சாவி அங்க இருக்குன்னா, ‘அங்கன்னா எங்க’ன்னு கேட்டு உசிர வாங்குவா.”

“கூப்பிடுறவங்களோட ‘இங்க’ வேற, நம்ம ‘இங்க’ வேற.” இதுதான் அக்கா நமக்கு ஓயாமல் சொன்ன பாடம்.

அன்று மாலை வேலை முடிந்து குடையோடு கிளம்பினார். வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்று நாம் நினைத்த நேரத்தில் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு. “நான்தான்மா... இங்க விழுந்துட்டேன்... வா.” இணைப்பு அறுந்தது. அழைப்பை எடுத்தவள் நம்மில் இளையவள், நாம் தங்கை என்று கூப்பிடுபவள்; கற்றதைச் செய்தாள். அக்காவின் வீட்டுக்கு வண்டியை அனுப்பினாள். கதவைத் திறந்த மாமா, “அவ இன்னும் வரலையே” என்றார்.

அக்கா எங்கே கிடந்தார்? நம் அறைக்கு வெளியே, படிக்கட்டில்! மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி ஏறியிருக்கிறார். ஒரே ஒருமுறை, அவருடைய ‘இங்கே’ நம்முடைய ‘இங்கே’யாகவே இருந்தது. அந்தக் குரல் கதவு வழியாகவும் வந்திருக்கும். நாமோ காதில் ஹெட்போன் மாட்டியிருந்தோம். இப்போதும் அதைக் கழற்றினால், கதவுப் பக்கம் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது.

மேலாளர் ஐயா, சற்றுமுன் நீங்கள், “அக்கா எங்கும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார்” என்றீர்கள். மன்னியுங்கள்! அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி வரிசையில் முகம் புதைத்திருக்கும் தங்கையே! அன்றிலிருந்து நீ வேலைக்கு வரவில்லை. நான் எடுத்திருந்தாலும் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பேன். அக்காவே எடுத்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்! அவர் பணியைத் தொடர்வோம். இனி பாதியில் அறுந்த ஒவ்வொரு அழைப்புக்கும், வண்டியை அனுப்பிவிட்டு, ஒருவர் எழுந்து நம் கதவையும் திறந்து பார்ப்போம். யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் பார்ப்போம்.

நாளைக் காலை வந்துவிடு. அந்தப் படிக்கட்டில் தனியாக ஏற உனக்குக் கால் வராது என்று தெரியும். கீழ்வாசலில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். சேர்ந்தே ஏறுவோம்.