பாதி லாரி வீட்டுக்குள்ள

நெடுமாறன்: ...அப்பறம் பானெட்டு. அதயும் கழட்டணும், லிஸ்ட்டுல எழுதிக்க.

ராஜாம்பாள்: அதுல கைய வெக்காதய்யா. குளிக்கற ரூமுக்கு அதான் கூர. பக்கத்து வூட்டு ஜெயசுதா நம்மள பாத்த மாதிரிதான் மாடியில துணி காய வெக்குது.

நெடுமாறன்: லாரி பானெட்டு லாரிக்குத்தான்டி. வண்டி பன்னெண்டு வருஷமா புளியமரத்தடியில துரு ஏறிக் கெடக்குது. அடுத்தவன் வண்டி ஓட்டி அலுத்துதான வேலய வுட்டன். தைக்குள்ள நம்முத ரோட்டுல எறக்கிடணும். கதவு எங்க?

ராஜாம்பாள்: ஆட்டுக் கொட்டாயில. கண்ணாடிய எறக்கி வுட்டாத்தான் அதுங்க தழ திங்குதுங்க. பழகிடுச்சி.

நெடுமாறன்: கழட்டு. டிரைவர் சீட்டு?

ராஜாம்பாள்: நீ இப்ப குந்திக்கினு இருக்கறது இன்னாவாம்?

நெடுமாறன்: ...ஆமா. எழுதிக்க, சீட்டு இருக்குது.

ராஜாம்பாள்: இரு, வாசல்ல மாட்டியிருக்கற நம்ம லாரி ஆரன யாரோ அடிக்கறாங்க... பால்காரரு. ஆரனயும் கழட்டிட்டா அவரு இன்னா பண்ணுவாரு?

நெடுமாறன்: கதவ தட்டுவாரு.

ராஜாம்பாள்: நம்ம வாசக்கதவு லாரியோட பின்பலகய்யா. ‘ஒலி எழுப்பவும்’னு கொட்ட எழுத்துல இருக்குது. அதான் சொந்தக்காரங்ககூட அடிச்சிட்டு உள்ள வராங்க.

நெடுமாறன்: அதையும் எழுதிக்க.

ராஜாம்பாள்: எல்லாத்தயும் கழட்டிட்டா நாம எங்க படுக்கறது?

நெடுமாறன்: லாரியில.

ராஜாம்பாள்: ...கிளட்ச் பிளேட்ட வுட்டுட்ட.

நெடுமாறன்: இன்னாது?

ராஜாம்பாள்: தேஞ்சி போயிருக்கும். மாத்தலன்னா மேட்டுல இழுக்காது.

நெடுமாறன்: உனக்கெப்டிடி...

ராஜாம்பாள்: நீ தூக்கத்துல ஒளர்றததான் முப்பது வருஷமா கேக்கறனே. அது கெடக்கட்டும். ஓட்டப்போறது யாரு?

நெடுமாறன்: நான்தான். செஞ்சி மார்க்கெட்டுல மல்லாட்ட மூட்டய ஏத்திக்கினு கண்ண மூடிக்கினு ஓட்டுவன்.

ராஜாம்பாள்: தொறந்துக்கினே சொல்லு. அதோ, ராஜகிரி கோட்ட தெரியுதா?

நெடுமாறன்: ஏன் தெரியாது? உச்சியில மண்டபம். அதுமேல ரெண்டு கொரங்கு.

ராஜாம்பாள்: காத்தாலருந்து மூட்டம்யா. மலையே தெரியல. லைசென்ச புதுப்பிக்கப் போனியே, இன்னா சொன்னாங்க?

நெடுமாறன்: ...கண்ணு பத்தலன்னுட்டாங்க. ஆறு மாசமாவுது. உன்கிட்ட சொல்ல வாய் வரல. லாரிய பத்திப் பேசிக்கினு இருந்தா நானும் இன்னும் டிரைவர்தான்னு தோணுது, அவ்ளோதான். வாணாம், லிஸ்ட்ட கிழிச்சிடு.

ராஜாம்பாள்: கிழிக்க மாட்டன். பானெட்ட நானே கழட்டித் தரன்.

நெடுமாறன்: கழட்டி? ஓட்ட ஆளு?

ராஜாம்பாள்: திண்டிவனத்துல தங்கச்சிக்கு மேலுக்கு முடியலன்னு ரெண்டு வருஷமா வாராவாரம் போனன் இல்ல, அவ கல்லு மாதிரி இருக்கறா. நீ எதிர்வூட்டு மாட்ட நம்ம மாடுன்னு புடிச்சாந்து கட்டன அன்னிக்கே போயி லாரி ஓட்ற கிளாசுல சேந்துட்டன். லைசென்சு போன மாசமே வந்துருச்சி, அரிசிப் பானையில இருக்குது. நீ கிளீனர் சீட்டுல குந்து. மலை எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லாத.