உச்சி வெயிலில் சார்ஜ் இல்லை

— உச்சி வெயில், அத்தை. மீட்டர் பூஜ்யம் காட்டுது.

— மேகம் மறைச்சிருக்குமுங்க, மாப்ள.

— ஜெர்சி சிட்டி முழுக்க இன்னிக்கு ஒரு மேகம் இல்ல.

— அப்ப மீட்டர் கெட்டிருக்கும். காலைல இருந்து பேட்டரிப் பெட்டியப் பிரிச்சுப் போட்டுட்டு ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்திருக்கீங்க. வாங்க, சாப்பிடுங்க.

— நாளைக்குப் பாய்மரப் போட்டைக் கிளப்பணும். ஜி.பி.எஸ்., ரேடியோ, ஆட்டோபைலட் எல்லாம் சோலார் பேனலை நம்பித்தான் ஓடுது.

— கரையில இருந்து ஒயர் இழுத்துக்கலாமுங்களே.

— இங்க இழுக்கலாம். நடுக்கடல்ல யார் ஒயர் குடுப்பா?

— அதைத்தானுங்க நானும் கேக்கறேன். நடுக்கடல்ல யார் எது குடுப்பா?

— பாய்மரத்துலயே பஹாமாஸ் வரைக்கும் போகணும்கறது எழிலோட பிளான்.

— எம் பொண்ணு ரெண்டு பேருக்குப் போட்ட பிளானுங்க அது.

— ஃபியூஸ் ஒழுங்கா இருக்கு. ஒயர் ஒழுங்கா இருக்கு.

— எனக்கென்னங்க தெரியும் கரண்டைப் பத்தி.

— நீங்க ஈரோடு ஈ.பி.ல இன்ஜினியரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, அத்தை.

— அது கம்பத்துல வர்ற கரண்டுங்க. இது வானத்துல இருந்து வர்றது. வேற டிபார்ட்மென்ட்.

— நேத்து வந்ததும் வத்தலுக்குக் கூழ் காய்ச்சினீங்களே. வத்தல் எங்க?

— காயுதுங்க.

— எங்க காயுது?

— எடிசன்ல மகிழன் வீட்டு பால்கனில போட்டா அசோசியேஷன்காரன் வந்து நோட்டீஸ் ஒட்டறான். பெத்த பையனே, 'அம்மா, ஃபைன் போட்டுருவாங்க'ங்கறான். பத்தாததுக்கு அணில் வேற. இந்த ஊர் அணிலைப் பாத்திருக்கீங்களா, பூனை கணக்கா இருக்குது.

— அத்தை. எங்க காயுது?

— மேல கறுப்பா, சாய்வா, பளபளன்னு ரெண்டு பலகை இருக்குதுங்களே. தொட்டா கை பொரியுது. வத்தலுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி.

— அதுதான் சோலார் பேனல்.

— அப்படீங்களா.

— அதுமேல என்ன விரிச்சீங்க?

— வேட்டிதானுங்க. உங்க கல்யாண வேட்டி. மடிச்சது மடிச்சபடி பெட்டிக்குள்ள கெடந்துச்சு. நீங்கதான் கட்டறதே இல்லையே.

— நிழல் விழுந்தா பேனல் வேலை செய்யாது. அது உங்களுக்குத் தெரியும்.

— தெரியுமுங்க. தெரிஞ்சுதான் ரெண்டையும் மூடற மாதிரி விரிச்சேன். ஒரு பக்கம் பத்தலைன்னு என் துண்டையும் போட்டேன். துக்கம் வந்தா மனுசங்க நாலு பேரோட உக்காருவாங்க. நீங்க போட்டை எடுத்துட்டு ஓடறீங்க. பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் குடுத்தேன். மாப்பிள்ளையைக் கடலுக்குக் குடுக்க மாட்டேனுங்க.

— எனக்கு நீச்சல் தெரியும்.

— நீச்சல் தெரியுமுங்க. அழத்தான் தெரியல.

— ஃபியூஸ் ஒழுங்கா இருக்கு.

— ஃபியூஸ் கெடக்கட்டும். எனக்கொரு சந்தேகம், அதைத் தீத்து வைங்க. நேத்து ஊத்துன வத்தல் இந்நேரம் வேட்டியோட ஒட்டிக் கெடக்கணும். சித்த முன்னாடி போய்ப் பாத்தா, அத்தனையும் உரிச்சு மறுபக்கம் திருப்பிப் போட்டிருக்குது. ஒண்ணுகூட உடையல. கடல்காக்கா வந்தா இப்படியா செய்யும்?

— வேட்டிக்குப் பின்பக்கம் தண்ணி தெளிச்சு உரிச்சா உடையாது. எழில் சொல்லிக் குடுத்தா. இன்னும் ரெண்டு வெயில் காயணும், அத்தை.