கையில் மூன்று பட்டை

கடல் காற்றில் எந்த இரும்பும் ஒரு வாரம் தாங்காது சார். அதனால் நான் பல் விளக்குவதற்கு முன்னால் ஹெலிகாப்டரைக் கழுவிவிடுவேன். நல்ல தண்ணீரில்தான். கீழே டெக்கில் இருப்பவர்கள் உப்புத் தண்ணீரில் குளித்துக்கொண்டே, கிழவன் பெண்டாட்டியைக் குளிப்பாட்டுகிறான் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அவர்களில் ஒருத்தனுக்கும் ஒழுங்காக ஒரு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது.

பெயர் எலியாசர் பகாடுவான். வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் பிலிப்பைன்ஸில் பத்தாங்காஸ். பத்தொன்பது வருஷமாகத் தைவான்காரர்களின் சூரை மீன் படகுகளில், மீன் கூட்டம் தேடிப் பறக்கிற ஹெலிகாப்டருக்கு மெக்கானிக். இருபத்து மூன்று பைலட்டுகளைப் பார்த்தாகிவிட்டது. வருவான், ஒரு வருஷம் பறப்பான், பறந்த நேரத்தைப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டு கரையில் நல்ல வேலை தேடிப் போய்விடுவான். அந்த இருபத்து மூன்றில் இரண்டு பேரைத்தான் பைலட் என்று சொல்வேன். மற்றதெல்லாம் முன் சீட்டில் உட்கார்ந்த சவாரி. அத்தனை பேரையும் உயிரோடு ஊருக்கு அனுப்பியது நான். சாப்பிடுவது மட்டும் அவர்கள் கேப்டன் மேஜையில், நான் டெக் ஆட்களோடு.

பட்டை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுக்கான் அறைக்கு மேலே ஒரு மேடை. அதில்தான் ஹெலிகாப்டர் நிற்கும். படகு எந்நேரமும் ஆடிக்கொண்டே இருப்பதால், முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று நான்கு பட்டைகள் போட்டு இழுத்துக் கட்டியிருப்போம். இறக்கை முழு வேகத்தில் சுற்றிய பிறகுதான் அவற்றை அவிழ்க்கலாம். முன்னாலேயே அவிழ்த்தால் ஒரு அலை போதும், வண்டி தண்ணீருக்குள் போய்விடும். அந்த நேரத்தில் பைலட்டால் இறங்கிப் பார்க்க முடியாது. கை கால் நான்கையும் கன்ட்ரோலில் வைத்திருப்பான். இரைச்சலில் பேசவும் முடியாது. அதனால் நான் தவழ்ந்து போய் அவிழ்ப்பேன். பிறகு அவனுக்கு நேர் எதிரே வந்து நின்று, பட்டைகளை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்கும்படி தூக்கிக் காட்டுவேன். அவன் எண்ண வேண்டும். நான்கு இருந்தால் கட்டைவிரலைக் காட்டுவான். பதிலுக்கு நானும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு விலகுவேன். அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும். எல்லா சூரைப் படகிலும் இதுதான் வழக்கம்.

ஒரு பட்டை மாட்டியிருந்தால் அந்த மூலை மட்டும் எழும்பாது. மற்ற மூன்றும் எழும்பும். வண்டி அப்படியே கவிழும். இரண்டு விநாடிகூட ஆகாது.

பத்தொன்பது வருஷம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கு. எத்தனை ஆயிரம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒன்றுகூட விட்டதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு இருந்த சொத்தே அந்தப் பெயர்தான்.

டிண்டோ மகரயெக் மார்ச் மாதம் வந்தான். எங்கள் நாட்டுக்காரன்தான், இலோய்லோ பக்கம். இருபத்தேழு வயது. தலையில் எண்ணெய் மாதிரி ஏதோ பூசிச் சீவியிருப்பான். சாயங்காலம் ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு காதல் பாட்டு. எல்லோருக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று. டெக்கில் வலை தைக்கிறவனிலிருந்து கேப்டன் ஹோங் வரை. எல்லோருக்கும் பிடிக்கிற ஆளிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம், ஆனால் அதைச் சொன்னால் எனக்குப் பொறாமை என்பார்கள்.

என்னை முதல் நாளே அண்ணே என்றான். ஊரில் அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். "பொறக்கப் போற பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்ப நீங்கதாண்ணே ஞானத்தகப்பன். வேற யார் கிட்டயும் கேக்கலை" என்றான். சரி என்றேன். பிறந்த நாளுக்குப் பிறந்த நாள் பரிசு அனுப்ப ஒரு ஆள் வேண்டுமல்லவா, அதற்குத்தான் கேட்கிறான் என்று தெரியும்.

மீன் விஷயத்தில் அவனுக்கு அதிர்ஷ்டம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். மீன் தேடுகிற சுவாங், தொலைநோக்கியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து போவார். இரண்டு பேரும் மீனுக்கு மேலே வட்டமிடுகிற பறவைக் கூட்டத்தைக் கண்டுபிடித்து வந்தால் அன்று சுருக்குமடி வலை நிரம்பிவிடும். கேப்டன் தன் சாராய பாட்டிலைத் திறந்து அவனுக்கு ஊற்றுவார். அந்த வண்டி பறந்தது எதனால் என்று அந்த மேஜையில் ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு பட்டை என் தோளிலேயே கிடந்துவிட்டது. கையில் மூன்றுதான் தொங்கியது. டிண்டோ சிரித்துக்கொண்டே கட்டைவிரலைக் காட்டினான். நான்கையும் அவிழ்த்துத்தான் இருந்தேன், அது வேறு விஷயம். அவன் கண்ணுக்குத் தெரிந்தது மூன்று.

மறுநாள் நான்கையும் அவிழ்த்துவிட்டு, நானாகவே மூன்று மட்டும் காட்டினேன். கட்டைவிரல். பிறகு இரண்டு. கட்டைவிரல். பிறகு ஒன்று. பிறகு ஒரு நாள் எண்ணெய் துடைக்கிற பழந்துணியைத் தூக்கிக் காட்டினேன். அதற்கும் கட்டைவிரல்தான். இப்படிப் பதினொரு நாள். ஒரு மனிதனைக் கேவலமாக நினைப்பதற்குப் பதினொரு நாள் ஆதாரம் போதாதா? அவசரப்பட்டு முடிவு கட்டுகிறவன் இல்லை நான்.

கேப்டனிடம் சொன்னேன். மீன் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "அவன் மீனைப் பாக்குறான்ல, போதும். பட்டையப் பாக்கத்தான் நீ இருக்கியே." அதாவது அவன் மீன் பார்க்கிறவன், நான் பட்டை பார்க்கிறவன்.

பிறகு ஒரு சாயங்காலம் டிண்டோ எங்கள் மேஜைக்கு வந்தான். சமையல்காரன் டொமெங் அன்று எங்கள் ஊர்ப் புளிச்சாறு வைத்திருந்தான், அதற்காக வந்தான். பதினைந்து பேர் இருந்தார்கள். நான் அமைதியாகத்தான் கேட்டேன்.

"தம்பி, இன்னைக்குக் காலையில என் கையில எத்தனை பட்டை இருந்துச்சு?"

"நாலுண்ணே."

"ரெண்டு."

கரண்டியை வாயிலிருந்து எடுத்தான். பிறகு சிரித்தான். "அட போங்கண்ணே. நீங்க வந்து எதிர்ல நின்னுட்டீங்கன்னா அதோட முடிஞ்சுது. நான் உங்க மூஞ்சியத்தான் பாக்குறேன். பட்டைய எவன் பாப்பான்?"

"நீ பாக்கணும். அதுக்குத்தான் தூக்கிக் காட்டுறது."

முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரிண்ணே, தப்புதான். நாளையிலேர்ந்து எண்ணுறேன், சத்தியமா." அதோடு விட்டிருக்கலாம். மேஜை முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, அவனுக்கு அது போதும். "ஒரு நாள் உங்களையே பிடிச்சுக் குடுக்கிறேன் பாருங்க. 'டேய், அண்ணன் ஒண்ண மறந்துட்டாருடா'ன்னு மைக்ல சொல்லுவேன்."

டொமெங் தன் பங்குக்கு, "சொல்லு சொல்லு, பெருசுக்கும் வயசாகுதுல்ல" என்றான்.

பதினைந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புளிச்சாறு நன்றாகவே இருந்தது.

மறுநாள் விடிந்து அரை மணி. லேசான அலை. படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பியாயிற்று. டிண்டோவும் சுவாங்கும் ஏறி உட்கார்ந்தார்கள், இறக்கை முழு வேகத்துக்கு வந்தது. நான் தவழ்ந்து போய் முன்னால் இரண்டையும் பின்னால் வலது பக்கத்தையும் அவிழ்த்தேன். இடது பின் பட்டையை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். அவன் எண்ணாமல் கட்டைவிரலைக் காட்டுவான், நான் வேண்டாம் என்று தலையை ஆட்டி இன்ஜினை நிறுத்தச் சொல்வேன், பதினைந்து பேரையும் மேலே வரவழைத்து அந்தப் பட்டையைக் காட்டுவேன். அவ்வளவுதான் ஏற்பாடு. இதில் யாருக்கும் ஒரு கீறலும் விழாது. எதிரே வந்து நின்று, மூன்று பட்டைகளையும் தூக்கிக் காட்டினேன். ஒளிக்கவில்லை, மடிக்கவில்லை. ஒரு குழந்தைகூட எண்ணியிருக்கும்.

வண்டி எழும்பியது, இடது பின் மூலை நின்றுவிட்டது. இறக்கை மேடைக் கம்பியில் அடித்து உடைந்தது. பட்டை அறுந்து, வண்டி விளிம்பைத் தாண்டித் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. வண்டியின் அடியில் இருக்கும் மிதவைகள் மேலே தெரிந்தன. சுவாங் கண்ணாடி உடைந்த பக்கமாக வெளியே வந்தார், விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. டிண்டோவின் பெல்ட் விடவில்லை. டொமெங்கும் இன்னும் இரண்டு பேரும் குதித்தார்கள். அவனை மேலே கொண்டுவர ஒன்பது நிமிஷம் ஆயிற்று. எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் விபத்து என்றால் என் இடம் தீயணைக்கும் சிலிண்டர் பக்கம். அங்கேதான் நின்றேன்.

அறுந்த பட்டையை நான் ஒளிக்கவில்லை. கழற்றிச் சுருட்டி, மற்ற மூன்றோடு பெட்டியில் வைத்தேன். விசாரணைக்கு வந்தபோது நீங்கள் அதை அங்கேதான் கண்டெடுத்தீர்கள்.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். நீங்கள் எழுதிய அறிக்கை என்னைக் காப்பாற்றத்தான் செய்கிறது. படித்துக் காட்டினீர்கள். "மெக்கானிக்கின் மறதியும் விமானியின் கவனக்குறைவும்." ஆறு மாதத் தடை, பிறகு வேறு படகு. கையெழுத்துப் போட்டுவிட்டு நான் ஊருக்குப் போகலாம். அந்த அறிக்கை ஒவ்வொரு படகு முதலாளிக்கும் போகும். நேற்று ஸ்பானர் பிடித்தவனெல்லாம், எலியாசர் பட்டையை மறந்தான் என்று படிப்பான். மறந்தேனாம். பத்தொன்பது வருஷத்துக்கு நீங்கள் ஒரு வரியில் போட்ட விலை அதுதான்.

இப்போது நீங்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். தடுப்பதாகத்தானே ஏற்பாடு, ஏன் தடுக்கவில்லை என்கிறீர்கள். சுவாங் ஆஸ்பத்திரியில் ஏதோ சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. இருந்தாலும் அவர் சொன்னது சரிதான்.

டிண்டோ எண்ணினான்.

அன்று அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தான். உதடு அசைந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. கட்டைவிரல் வரவில்லை. மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினான். நாலாவது எங்கேண்ணே என்று கேட்கிறான். வாயெல்லாம் சிரிப்பு. என்னைப் பிடித்துவிட்டானாம்.

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். தவழ்ந்து போய் நாலாவதை அவிழ்த்திருந்தால் போதும். சாயங்காலம் அவன் மைக்கைப் பிடித்துப் பதினைந்து பேர் முன்னால் சொல்லியிருப்பான், அண்ணன் ஒன்றை மறந்துவிட்டார் என்று. வேண்டுமென்றே விட்டேன் என்று நான் சொன்னால் எவன் நம்புவான்? பெருசுக்கு வயசாகிவிட்டது என்பார்கள். பதினொரு நாள் எண்ணாத முட்டாள், ஒரு நாள் எண்ணியதால் கெட்டிக்காரன் ஆகிவிடுவான்.

அதனால் நான் என் தோளைத் தட்டிக் காட்டினேன், நாலாவது முதுகுப் பக்கம் கிடக்கிறது என்கிற மாதிரி. பிறகு கட்டைவிரலைத் தூக்கினேன். அவனுக்கு ஒரு விநாடி சந்தேகம் இருந்தது. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் சரிண்ணே என்று தலையை ஆட்டிவிட்டுத் தூக்கினான்.

அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஞானத்தகப்பன் என்ற முறையில் ஏதாவது அனுப்ப வேண்டும்.

பேனாவைக் கொடுங்கள். கொலை என்று எழுதினாலும் சரி, வேறு எந்த வார்த்தை போட்டாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். மறதி என்பதை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள். என் வேலையில் நான் ஒரு தப்பும் செய்ததில்லை.