திரையில் எல்லாம் பச்சை

என் குரல் தொலைபேசியில்தான் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நேரில் கொஞ்சம் கரகரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் பிரமிளா. தமிழிலேயே பேசலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. மலாயில் பேசினால் எனக்கு அலுவலக நினைப்பு வந்துவிடும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். இன்று அப்படி நிறுத்த விருப்பமில்லை.

பெயர் செல்வநாயகி. எல்லோருக்கும் செல்வி அக்கா. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்ககத்தில் தனியாக இருக்கிறேன். அண்ணன் மெல்பர்னில். தீபாவளிக்கு ஒரு படம் அனுப்புவார், விளக்குப் படம், எல்லோருக்கும் அனுப்புகிற அதே படம். கடலுக்கு அக்கரையில் ஜுருவில் உள்ள தொழிற்சாலைக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் பாலத்தைக் கடந்து போய்வந்தேன். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் மூச்சுக் கருவியில் பொருத்தும் மெல்லிய குழாய்களை அங்கே செய்கிறார்கள். அதற்கு வேண்டிய பொருள்கள் எங்கிருந்து வருகின்றன, இப்போது எங்கே நிற்கின்றன, எப்போது வந்து சேரும் என்று பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்த வேலையை நான் தொலைபேசியில் செய்தேன். கப்பல் கம்பெனியில் ஐமான். லாரியில் ஹஸ்ருல். இன்னும் எத்தனையோ பேர். ஐமானை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவன் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குத் தெரியும். கண்டெய்னர் எங்கே என்று கேட்பேன்; அவன் தேடிப் பார்க்கும் நேரத்தில் மற்றதெல்லாம் பேசுவோம். தொழிற்சாலையிலும் அப்படித்தான். பொருள் வரவில்லையென்றால் மேலாளரிலிருந்து இயந்திரத்தில் நிற்கும் பெண் வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அடிக்கும். தொல்லை என்று நானும் வெளியே சொல்லிக்கொள்வேன்.

பிறகு மிதுஷா வந்தாள். நல்ல பிள்ளை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பொருள்களின் நடமாட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரியவேண்டும் என்று கம்பெனி முடிவு செய்து, அதற்காக அவளை எடுத்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. டேக் என்பார்கள். பெட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். சுவரில் பெரிய திரை வைத்தார்கள். சரியாக இருந்தால் பச்சை, சூடேறினால் சிவப்பு. கப்பல் கம்பெனி, லாரி, கிடங்கு எல்லாம் அந்தத் திரைக்குள் வந்துவிட்டன.

"அக்கா, இனிமே நீங்க யாருக்கும் போன் அடிக்க வேணாம் லா," என்றாள் மிதுஷா. "எவ்ளோ வருஷம் கத்திக்கிட்டு இருந்தீங்க. இனி ரிலாக்ஸா இருங்க."

அவள் அதை அன்போடுதான் சொன்னாள்.

தொலைபேசி ஒரே நாளில் நிற்கவில்லை. குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஞாயிறுகள் போயின. பிறகு காலைகள். ஒருநாள் நானே ஐமானைக் கூப்பிட்டேன். அவனுக்கும் ஹஸ்ருலுக்கும் நான் 'கக்', மலாயில் அக்கா. "கக், ஏதும் பிரச்சினையா? ஸ்க்ரீன்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றான். பிரச்சினை ஒன்றுமில்லை என்றேன். "அப்ப ஓகே லா, கக்," என்று வைத்துவிட்டான். மகளைப் பற்றிக் கேட்க நினைத்திருந்தேன்.

சனிக்கிழமைகளில் லிட்டில் இந்தியா போகத் தொடங்கினேன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் துணிக்கடைக்குள் நுழைந்தால், "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?" என்று கேட்பார்கள். வாங்கப் போவதில்லை என்று தெரிந்தே புடவைகளை விரிக்கச் சொல்வேன். ஒரு கடையில் என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த கடைக்குப் போனேன். இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத விவரம்போலத் தோன்றும். நான் ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன்.

குழாயின் இணைப்பை ஒட்டும் பசை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். தொடக்கம் முதல் கடைசிவரை குளிரில் இருக்கவேண்டும். சீனப் புத்தாண்டுப் பெருநாள் விடுமுறைக்கு முன்பு ஒரு வரவு பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறங்கியது. ஹஸ்ருல்தான் எடுக்கப் போனான். நானும் கூடப் போனேன். பெட்டிகளில் இருந்த டேக்குகளைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். பதிவு செய்யவேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

"கக், இது குளிர்லதானே இருக்கணும்?" என்று கேட்டான்.

"ஃபேக்டரி குளிர் அறையில இப்ப இடமில்ல, ஹஸ்ருல். உன் லாரி ஷெட்டுலயே இருக்கட்டும். நான் கூப்பிடுறேன்."

அவன் என்னை நம்பினான். வருடக்கணக்காக என் வார்த்தையில் அவன் லாரி ஓடியிருக்கிறது.

டேக்குகளைக் கொண்டுபோய் ஜுருவில் குளிர் அறைக்குள் வைத்தேன். திரை பச்சையாகியது. பெட்டிகள் வந்து சேர்ந்துவிட்டதாக அது சொன்னது. உண்மையில் அவை ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே இருந்தன. நான் நினைத்தது மிக எளிமையான ஒன்று. விடுமுறை முடிந்து பசை எடுக்க வருவார்கள். திரையில் இருக்கும், அறையில் இருக்காது. யாருக்கும் ஒன்றும் புரியாது. யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, பொருள் எங்கே?" என்று கேட்பார். நான் சொல்வேன். அந்தப் பசை கெட்டிருக்கும், தூக்கி எறியுங்கள், வேறு வரவழைக்கிறேன் என்றும் சொல்வேன். இவ்வளவுதான் திட்டம். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு.

விடுமுறை நாள்களில் வெயில் நன்றாக அடித்தது. வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் வெடிக்கும் பட்டாசைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை தொடங்கிய காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் பெட்டிகள் குளிர் அறையில் இருந்தன. ஹஸ்ருல் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போயிருந்தான். "பெருநாள் முடிஞ்சு கக் களைச்சுப் போயிருப்பீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு நானே இறக்கிட்டேன்," என்று செய்தி அனுப்பியிருந்தான். திரையில் பச்சை. அறையில் பெட்டி. எல்லாம் பொருந்தியிருந்தது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நானும் யோசித்தேன். மேசை முன்னால் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது, எதற்காகவாவது, பசை நன்றாக வந்து சேர்ந்ததா அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். முன்பெல்லாம் கேட்பார்கள். மதியம் கேண்டீனில் மிதுஷா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா அக்கா? லீவு முழுக்க ஒரு சிவப்புகூட வரல."

"நல்லதும்மா," என்றேன்.

அவள் கேட்கவில்லை, சொன்னாள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

சூடு பட்ட பசை பார்க்க அப்படியேதான் இருக்கும். ஒட்டும். சோதனையிலும் தாங்கும். சில வாரங்கள் கழித்துத்தான் பிடி விடும். இது எனக்கு முன்பே தெரியும். பசை செய்கிறவர்கள் ஒருமுறை தொலைபேசியில் விளக்கியிருந்தார்கள்.

தெற்கே ஒரு மருத்துவமனையில் குழாய் இணைப்பிலிருந்து கழன்றது. தாதி கவனித்தபோது தாமதமாகிவிட்டது. எங்களுக்கு வந்த தகவலில் ஆண் குழந்தை என்று மட்டும் இருந்தது. பெயர் வைப்பதற்குள் நடந்திருக்கவேண்டும்.

அன்று காலை என் தொலைபேசி அடித்தது.

"செல்வி அக்கா, அந்தப் பசை எந்தக் கப்பல்ல வந்துச்சு? கொஞ்சம் பாருங்க, ப்ளீஸ்." மேலாளரின் குரல். அவர் வைத்ததும் அடுத்தது. ஐமான் அவனாகவே கூப்பிட்டான். "கக், உங்க கம்பெனியில என்னமோ ஆச்சாமே? நீங்க நல்லா இருக்கீங்களா?" மகளைப் பற்றி விசாரித்தேன். பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாளாம். மதியம் எழுந்து போகக்கூட நேரமில்லை. யாரோ எனக்காக நாசி லெமாக் சோறு வாங்கி மேசையில் வைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பசி என்று நினைக்கிறேன்.

விசாரணை நடந்தது. திரையில் இருந்த கணக்குப்படி பசை ஒரு நிமிடம்கூடச் சூடாகவில்லை. ஆகவே பசை செய்தவர்கள்மேல் பழி போயிற்று. அவர்களும் ஆள் அனுப்பினார்கள். நான்தான் அவர்களை அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டினேன். எல்லாம் முடிந்தது. கேள்விகள் தீர்ந்துபோயின. மேசை மறுபடியும் அமைதியாகியது.

அந்த அமைதியைப் பற்றி நான் சரியாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. ஒருமுறை என் தொலைபேசி கெட்டுவிட்டதோ என்று என் கைப்பேசியிலிருந்து அதற்கே அடித்துப் பார்த்தேன். வேலை செய்தது. எடுத்து, "ஹலோ" என்றேன். காதுக்குள் என் குரலே கேட்டது. நன்றாகத்தான் இருந்தது.

தேசிய தினத்தை ஒட்டிய நீண்ட விடுமுறையில் இரண்டாம் முறை செய்தேன். அதே ஷெட். ஹஸ்ருல் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. முதல் முறை தற்செயல் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் முறைக்கு அப்படி எழுதமுடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பசை என்ன ஆகும், எவ்வளவு நாளில் ஆகும், பிறகு யார் யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தேதான் செய்தேன். ஆனால் எந்தக் குழந்தைக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை. பஸ்ஸில் யாராவது கைக்குழந்தையோடு ஏறினால் முதலில் எழுந்து இடம் கொடுப்பது நான்தான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு மருத்துவமனைகள். இரண்டு குழந்தைகள். இந்த முறை மிதுஷாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவள் கட்டிய திரை பொய் சொல்லிவிட்டது என்றார்கள். புளிக்கறி சமைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாப்பிடவில்லை.

"நான் தினமும் பாத்தேன் அக்கா," என்றாள். "பச்சையாத்தான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"உன் தப்பு இல்லம்மா," என்றேன். அது உண்மை. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். யாரும் என்மேல் சாய்ந்து பல காலம் ஆகியிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கெட்டிக்காரி. வீட்டில் சும்மா இருக்கவில்லை. ஹஸ்ருலைத் தேடிப்போய்ப் பேசியிருக்கிறாள். பிறகு ஒருநாள் மாலை என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த டேக்கெல்லாம் நீங்களா கழட்டுனீங்க?"

"ஆமாம்மா," என்றேன்.

"ஏன் அக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. இத்தனை நாளில் அவள்தான் முதலில் கேட்டாள், அதனால் சொன்னேன். நீண்ட நேரம் பேசினோம். பேசினோம் என்றால் நான் பேசினேன். அவள் எப்போது தொலைபேசியை வைத்தாள் என்று கவனிக்கவில்லை. அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள்.

மூன்று குழந்தைகளும் என்னால்தான் இறந்தன. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹஸ்ருலிடம் இடமில்லை என்று சொன்னது வேலை விஷயம். அது வேறு.

நேற்றிலிருந்து நீங்கள் ஒருவரே வந்து பொறுமையாகக் கேட்கிறீர்கள். அதனால் நீங்கள் இன்னும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் முறை, சூடுபட்ட பெட்டிகளில் சிலவற்றின் வரவுச் சீட்டுகளை, அதற்குச் சற்று முன் குளிரிலேயே வந்த வேறொரு வரவில் மிச்சமிருந்த நல்ல பெட்டிகளின் சீட்டுகளோடு மாற்றி ஒட்டினேன். பிறகு தேடும்போது என் உதவி தேவைப்படட்டும் என்றுதான். அந்தக் கெட்ட வரவில் செய்த குழாய்களையெல்லாம் கம்பெனி திரும்பப் பெற்றுவிட்டதாகச் சொன்னீர்கள். அதில் நல்லவையும் இருக்கின்றன. திரும்பப் பெறாதவற்றில் கெட்டவை இருக்கின்றன. அவற்றை முகவர்கள் வாங்கி, தங்கள் பெயரை ஒட்டிச் சின்னச் சின்ன ஊர்களுக்கு அனுப்பியாயிற்று. மிதுஷாவின் திரை தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் பார்க்காது. எந்த ஊருக்கு எது போகிறது என்று அவர்களோடு பேசி முடித்தது நான்; வேறு யாருக்கும் தெரியாது.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர். எழுந்திருக்க வேண்டாம். எல்லாவற்றையும் இப்போதே சொல்லச் சொல்கிறீர்கள். உங்களுக்கும் களைப்பு, எனக்கும் களைப்பு. நாளைக் காலை வாருங்கள். வேறு யாரையும் அனுப்பாமல் நீங்களே வாருங்கள். நாளைக்கு ஓர் ஊர் சொல்கிறேன், மறுநாள் இன்னொன்று. அவசரப்பட்டுச் சொன்னால் ஏதாவது பிசகிவிடும். குழந்தைகள் விஷயம் அல்லவா.