கல்யாணத்துக்கு இரவல் போன இரத்தம்

அபேயோகுட்டா மண்ணின் மாண்பு காத்து இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் பாலே அவர்களே! அதட்டினால் அரிசி மூட்டையும் எழுந்து நிற்கும் அங்காடித் தலைவி இயாலோஜா அம்மையாரே! ஆன்றோரே, சான்றோரே, அரிவாள் அணு நோயோடு அன்றாடம் மல்லுக்கட்டும் அன்புச் செல்வங்களே, அவர்களைத் தோளில் சுமக்கும் தாய்மார்களே! தரையளவு தாழ்ந்து வணங்குகிறேன்.

மரபணுவைப் பற்றிப் பேச மருத்துவரை அழைப்பார்கள், மேதையை அழைப்பார்கள். நீங்களோ மோசடி செய்த ஒரு தையற்காரனை மேடையேற்றி, ஒலிபெருக்கியையும் கையில் கொடுத்துவிட்டீர்கள்!

யார் அங்கே, கடைசி வரிசையில்? "காசாலி, என் சட்டை எங்கய்யா?" என்றா கேட்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன் ஐயா. எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் கேட்காதீர்கள்!

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் நண்பன் முயிவாவுக்கும் இபிரோன்கேவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. உறவினர் அறுபது பேருக்கும் ஒரே நிறத் துணி. அறுபதையும் நான் வெட்டிவிட்டேன். அப்போதுதான் பாதிரியார் வழக்கம்போல மாப்பிள்ளையின் இரத்தச் சான்றைக் கேட்டார். பெண் ஏ.எஸ்.: நோய் இல்லை, ஆனால் நோயின் கூறு ஒன்று இரத்தத்தில் உண்டு; அது துளியும் இல்லாதவர் ஏ.ஏ. மாப்பிள்ளையும் ஏ.எஸ். என்றால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வரலாம்; கோயில் கதவு திறக்காது. முயிவாவின் அக்காவுக்கு இந்த நோய் உண்டு. அந்தப் பயத்திலேயே அவன் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

கடைக்கு வந்து காதைக் கடித்தான்.

"டேய் காசாலி, நீ ஏ.ஏ. தானே?"

"அதுல என்னடா சந்தேகம்? பள்ளிக்கூடத்துல குடுத்த அட்டை இன்னும் பர்ஸ்ல இருக்கு."

"அப்ப என் பேருல நீ போய்க் கையை நீட்டிட்டு வாயேன்."

நட்புக்காகவா போனேன்? நாடகமாடேன், நண்பர்களே! வெட்டிய துணி வீணாகக் கூடாது என்று போனேன்! ஆய்வகப் பெண் பேரைக் கேட்டாள். "கா... முயிவா" என்றேன். "சொந்தப் பேரைச் சொல்லவே இவ்வளவு யோசனையா அண்ணே?" என்று சிரித்தாள்.

மறுநாள் தாள் வந்தது. அதில் இருந்தது ஏ.எஸ்!

"அடப்பாவி, என் கல்யாணத்தையே கெடுத்துட்டியேடா!" என்று கத்தினான் முயிவா. நான் சிரிக்க வாய் திறந்தேன். அதற்குள் அவன் முகம் மாறிவிட்டது.

"காசாலி... இது உன் இரத்தம்டா. ரிஸ்கட்டுக்கு என்ன?"

என் மனைவி ரிஸ்கட்டும் ஏ.எஸ்.

"அஜோகேவுக்கு மழை வந்தா கை கால் வீங்குதுன்னு சொன்னியே. எங்க அக்காவுக்கும் அப்படித்தான்டா ஆரம்பிச்சுது."

என் மகள் அஜோகேவுக்கு அப்போது மூன்று வயது. எலும்பு வலிக்கிறது என்று துடிப்பாள். மலேரியா என்றேன், மாத்திரை கொடுத்தேன். குளிர் என்றேன், கம்பளி போர்த்தினேன். பதினைந்து ஆண்டுப் பழைய அட்டையை நம்பியது யார்? நான்! பெற்ற பிள்ளையின் அழுகையை நம்பாதது யார்? நானேதான்!

நம் மரபணுத் தொகுதியில் முன்னூறு கோடி எழுத்துகளாம். அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால், வட்டமாய் உருள வேண்டிய இரத்த அணு அரிவாளாய் வளைகிறது. தையற்காரனாகச் சொல்கிறேன்: ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பனிடமிருந்து ஓர் அளவுத்தாள், அம்மாவிடமிருந்து ஓர் அளவுத்தாள். ஒன்று பிழையானால் மற்றது காப்பாற்றும். இரண்டுமே பிழையானால்? சோதித்தோம். அஜோகே எஸ்.எஸ்.; இரண்டு தாளும் பிழை.

நோய் போய்விடவில்லை, தாய்மார்களே. ஆனால் அதன் பெயர் தெரிந்துவிட்டது! தெரிந்ததால் தினமும் மருந்து. தெரிந்ததால், காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. தெரிந்ததால் இன்று அவளுக்கு ஏழு வயது!

கல்யாணமா? கேளுங்கள். பாதிரியார் முன் இருவரும் குப்புற விழுந்து உண்மையைச் சொன்னோம். இபிரோன்கே இடுப்பில் கை வைத்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே இவ்வளவு பொய்யா? முதல்ல ஊசிக்குக் கையை நீட்டு. அப்புறம் மோதிரத்துக்கு நீட்டலாம்."

நீட்டினான். ஆய்வகப் பெண், "இந்தத் தடவை உங்க இரத்தம்தானே அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் குத்தினாள். வந்தது என்ன? ஏ.ஏ! பயந்தவன் பயமும் பொய்; பெருமையடித்தவன் பெருமையும் பொய்! அறுபது துணியும் தைத்து முடித்தேன். ஆம் ஐயா, சொன்ன நாளில்! வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

இதோ என் பழைய அட்டை. இதோ என் கத்தரி. வெட்டிவிட்டேன்! உங்கள் அட்டையை எப்போது சரிபார்க்கப் போகிறீர்கள்? வெளியே வாதுமை மரத்தடியில் இரத்தச் சோதனைக்கு மேசை போட்டிருக்கிறது. ஜோலோஃப் சோற்றுப் பானை திறக்கும்முன் அங்கே வரிசை நிற்கட்டும். கைக்குழந்தைகள் முதலில். இரவல் கை மட்டும் வேண்டாம்!

பொய்யனின் பேச்சைப் பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கு நன்றியும் வணக்கமும். ஊசிக்குப் பயப்படும் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சொல்: மேசைக்குப் பக்கத்தில் மஞ்சள் கவுன் போட்டு ஒரு சிறுமி நிற்கிறாள். குத்தும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் பெயர் அஜோகே. அவளுக்கு ஊசியைப் பார்த்துப் பயமில்லை.