செண்பகத்தோப்புக் கிணறு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் பதினாறு வருஷம் நின்றிருக்கிறேன் சார். ஆனாலும் ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அதனால்தான் அரிவாளை எடுக்கவில்லை.

என் அக்கா இருளம்மாள் எண்பத்தாறில் காணாமல் போனாள். அவளோடு வேலை பார்த்த சோலைச்சாமியையும் அன்றிலிருந்து காணவில்லை. இருவருக்கும் பழக்கம் இருந்தது. அவன் வேறு சாதி. ஓடிப்போய்விட்டார்கள் என்றார் எங்களைப் பெற்ற அய்யா. நாங்கள் தேடவில்லை.

தொண்ணூற்றிரண்டில் வன்னியம்பட்டியில் எங்கள் தோட்டத்து வாய்க்காலை ஆழப்படுத்தினேன். புளியமரத்துப் பக்கம் வெட்ட வேண்டாம் என்று அய்யா சொல்லியிருந்தார். நான் வெட்டினேன். எலும்பு வந்தது, பிறகு அக்காவின் கொலுசு.

அய்யா அழவில்லை. "அந்தப் பயதாம்ல கொன்னு பொதச்சிட்டு ஓடியிருக்கான். வெளிய மூச்சு விடாத" என்றார். மண்ணை அவரே தள்ளி மூடினார்.

இரண்டு மாதம் கழித்துச் சோலைச்சாமி ஊர் திரும்பினான். தறிக்கூட வாசலில் காத்திருந்து, "கருத்தையா, ஒன்ட்ட தனியாப் பேசணும்" என்றான். சைக்கிளில் ஏற்றிக்கொண்டேன். செண்பகத்தோப்பில், ஆள் போகாத மாந்தோப்பில் ஒரு பாழுங்கிணறு உண்டு. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான். தள்ளிவிட்டேன். பட்டப்பகல்தான்.

கால் முறிந்துவிட்டது போல. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"ஒங்க அய்யாதாம்ல அவள வெட்டுனாரு. என்னயும் வெரட்டுனாரு. பயந்து ஓடிட்டேன். இப்ப போலீஸ்ல சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முன்ன ஒன்ட்ட சொல்லணும்னு நெனச்சேன். கயிறப் போடுல."

கயிறு சைக்கிளில் இருந்தது. நான் பக்கத்தில் கிடந்த உடைமுள் கிளைகளை இழுத்துப் போட்டுக் கிணற்று வாயை மூடினேன்.

ஷிப்டு முடிந்ததும் தினமும் போய் நின்றேன். இரண்டாம் நாள் தண்ணீர் கேட்டான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிடவில்லை, அக்காவைக் கூப்பிட்டான். நாலாம் நாள் சத்தம் இல்லை.

ஐந்து வருஷம் அய்யாவும் நானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு தடவை, "அவன் வந்தான்னு சொன்னாகளே?" என்று கேட்டார். "போயிட்டான்" என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார். போன மாதம் நான்தான் அவருக்குக் கொள்ளி வைத்தேன்.

அக்காவுக்காகப் பழி வாங்கினேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள் சார். அவன் கிணற்றுக்குள்ளிருந்து சொன்னது எனக்குப் புதுச் செய்தி இல்லை. கொலுசைப் பார்த்த அன்றே தெரியும். அய்யாவைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. சோலைச்சாமியைத் தள்ளிவிட எனக்கு அந்தப் பயம் இல்லை.